லே முதல் ஹான்லே வரை

பாண்டூப் மேற்கு, மூன்றாம் மாடி.
வெளியே ஜூலை.
நாலு நாளாய்க் காயாத ஜீன்ஸ்
மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது
ஐந்தாவது ஆள் மாதிரி.
தரையில் வரைபடம்.
சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கொன்றாய்
மிக்சர் டப்பா, ரிமோட், என் கைப்பை,
மெய்யப்பனின் முழங்கால்.

அருள்தாஸ் பச்சைப் பேனாவால் ஏரிகளை வட்டமிடுகிறார்.
மெய்யப்பன் கணவாய்களுக்கு உயரம் எழுதுகிறார்
போன வாரம்தான் அளந்துவிட்டு வந்தவர்போல.
காட்டுக் கழுதை இங்கே மேயும்.
கருங்கழுத்துக் கொக்கு இங்கே.
இங்கே ராத்திரியில் நட்சத்திரம் தலையில் இடிக்கும்.
காரு தாண்டினால் பெட்ரோலை நம்ப முடியாது,
இரண்டு கேன் பின்னால் கட்டிக்கொள்ளலாம்.
"அப்புறம்?" என்றாள் உமையாள்.
"அப்புறம் ஒன்றுமே இல்லை! அதுதானே அழகு.
மணிக்கணக்காய்ப் போகலாம்,
ஒரு மரம் இருக்காது."

உமையாள் என்னைப் பார்த்தாள்.
நான் உமையாளைப் பார்த்தேன்.

ஒரு மரம் இருக்காது.

இருபத்திரண்டு வருஷமாய்
ஏழு ஐம்பத்திரண்டு லோக்கலில் போய்வரும் உடம்பு இது.
ஆறு மணிக் காபியோடு தண்ணீரை நிறுத்திவிடும்.
மஸ்ஜித் பந்தரில் சிக்னல் விழாத காலைகளில்
ஜன்னல் கம்பியை எண்ணும், திருப்பி எண்ணும்.
எந்தக் கடைத்தொகுதியில் எந்த மாடி,
எந்த ஹோட்டல் காவலாளி ஒன்றும் கேட்க மாட்டான்,
தாதரில் எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது
என்று என்னிடமும் ஒரு வரைபடம் உண்டு.
யாரும் அச்சடிக்காதது.

மருந்துக்கடை ஷெட்டி சொன்னார்:
உயரத்துக்கு இந்த மாத்திரை. காலையில் பாதி, ராத்திரி பாதி.
தினம் நாலு லிட்டர் தண்ணீர் கட்டாயம்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"அடிக்கடி போக வேண்டிவரும், மேடம்."
எங்கே, ஷெட்டி?
கேட்கவில்லை. மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டேன்.

வீடு தூங்கிய பின்
வண்டிக்காரர் ஸ்டான்சினுக்குப் போன் போட்டேன்.
சாப்பிட்டுக்கொண்டிருந்தார் போலும், தட்டின் சத்தம்.
என் இந்தியை எங்கெங்கோ சுற்றி ஓட்டினேன்:
வழியில் பெரிய பாறைகள் உண்டா,
பாலத்துக்குக் கீழே இறங்க முடியுமா,
முகாம்களில் பெண்களை உள்ளே விடுவார்களா.
தட்டுச் சத்தம் நின்றது.
"அக்கா, இரண்டு மணிக்கு ஒருதரம்
நான் டயர் பார்க்க நிறுத்துவேன்.
ஆண்கள் இரண்டு பேரையும் முன்னால் கூட்டிக்கொண்டு போய்
டயரைக் காட்டுவேன்.
எனக்கு டயர் பார்க்க நேரம் பிடிக்கும்.
என் மனைவியும் அந்த வழியில் வந்திருக்கிறாள்."

போனை வைத்துவிட்டு
விளக்கைப் போடாமல் வரைபடத்தின் மேல் உட்கார்ந்தேன்.
பச்சை வட்டங்கள் இருட்டில் தெரியவில்லை.
வெறும் தாளாய்க் கிடந்த இடத்தில்
முதல் தடவையாய்க் காற்று அடித்தது.
நான் எழுந்து சேலையைச் சரிசெய்கிறேன் —
இல்லை, அங்கே சேலை எங்கே, உள்ளே மூன்று அடுக்குக் கம்பளி —
எதிரே ஒரு காட்டுக் கழுதை நிற்கிறது.
மரியாதையாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
போகத்தான் வேண்டும்.

"மழையே பெய்யாத ஊருக்குக் குடை எதற்கு?"
கைப்பை ஏழு கிலோதான் என்று
அருள்தாஸ் வீட்டுத் தராசைக் காட்டுகிறார்.
வெயிலுக்கு, என்றேன்.
தன்னுடைய தொலைநோக்கியை எடுத்து என் பையில் திணித்தவர்
அதற்குமேல் கேட்கவில்லை.

உமையாளுக்கு மட்டும் செய்தி அனுப்பினேன்:
மடக்குக் குடை வேண்டாம். ஆண்கள் குடை. கறுப்பு.
என்னுடையது
பால்கனியில் இரண்டு நாளாய் விரித்தே கிடக்கிறது.
பம்பாய் ஈரம் லேசில் போகாது.
கம்பி ஒன்று வளைந்திருக்கிறது, ஒரு பக்கம் சரிகிறது.
இருக்கட்டும்.
அந்தப் பக்கத்தை மலை பார்த்துக்கொள்ளட்டும்.